தோட்டா பார்க்காத துப்பாக்கி

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி எங்கே விலைக்கு வந்தாலும் வெர்லின் போய் நிற்பான். துப்பாக்கியைப் பார்த்தே அதை வைத்திருந்தவரின் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான். ஓப்பல் கிழவியின் வாசலில்தான் அந்தப் பெருமை சறுக்கியது.

அவள் விற்க எடுத்துவந்த துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு தோட்டா போன தடம்கூட இல்லை. ஆனால் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற குதிரையோ வழவழவென்று தேய்ந்திருந்தது. சுடாத துப்பாக்கியில் குதிரை மட்டும் எப்படித் தேயும்?

"ஓப்பலம்மா, இத வச்சு எதச் சுட்டீங்க?"

"எதையும் சுடல. நாப்பது வருசத்துல தோட்டாவே வாங்கினதில்ல. வாசல்ல வந்தவன் போடான்னு சொல்லியும் போகலன்னா, கதவுக்குப் பின்னால நின்னு குதிரைய ஒரு இழு இழுப்பேன். சத்தம் கேட்டதும் பறந்துருவான். மாசாமாசம் எண்ணெ போடுவேன். சத்தம் கணீர்னு வரணும்ல?"

வெர்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் வியாபாரத்தை விடவில்லை.

"அவ்வளவு இழுத்தா ஸ்பிரிங் தளர்ந்திருக்குமே. இருபது டாலர் கொறச்சுக்கோங்க."

"தளர்ந்திருக்கா? குடு, பாப்போம்."

கிழவி துப்பாக்கியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

துப்பாக்கி காலி என்று வெர்லினுக்கு நன்றாகவே தெரியும். வாசலில் இரண்டு படி இறங்கிய பிறகுதான் அது அவன் நினைவுக்கு வந்தது.