ஓடை மணலுக்குச் செய்த வண்டி

பேச்சிராஜா ஒரு வேலையைத் தொடங்கிவிட்டான் என்றால், அது எப்படி முடிந்தது என்று அக்கம்பக்கத்தார் கேட்பதில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் போனில் வீடியோ பார்த்து எதையாவது செய்துகொண்டிருப்பான். குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தான், முட்டைகள் வெந்தன. காற்றாடி வைத்து மின்சாரம் எடுக்கப் பார்த்தான். அது கொய்யா மரத்தில் இன்னும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆசை எவ்வளவோ அவ்வளவு அறிவும் இருந்தால்தான் கை வைக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், உலகத்தில் பாதிப் பொருள்கள் உண்டாகியே இருக்காது. இதைச் சொல்லி அவனை மன்னிக்கலாம். மெச்சுவதற்கு இது போதாது.

ஆனால் இந்த வண்டியை அவன் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை.

வீட்டிலிருந்து ஓடையைத் தாண்டினால் அவர்களுடைய மல்லிகைத் தோட்டம். காலையில் அரும்பு பறித்து, வெயில் ஏறுவதற்குள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். அரும்பு வாய் திறந்துவிட்டால் வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பேச்சிராஜா தறியிலிருந்து வந்து சேரும் வரை பூ காத்திருக்காது. அதனால் அவன் மனைவி கனகலட்சுமி தனியாளாக, ஈரச் சாக்கைத் தலையில் ஏற்றி, ஓடை மணலில் கால் புதையப் புதைய நடந்து, கரையேறிப் போய் பஸ் பிடிப்பாள். மொபெட் அந்த மணலில் பாதியில் புதைந்து நின்றுவிடும். பங்குனியில் அவளுக்கு முழங்கால் வீங்கியது.

“இந்த வைகாசி முகூர்த்தம் முடியட்டும். செடியப் பூராவும் பிடுங்கிப் போட்டுட்டு நானும் தறிக்கு வாரேன்” என்றாள்.

கோபத்தில் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் செடிகளை ஒவ்வொன்றாக நட்டவளே அவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜா கடையநல்லூரில் மம்மதுவின் பழைய சாமான் கடையில் நின்றான். மூலையில் ஒரு சைக்கிள். டயர் ஒவ்வொன்றும் இளம் வாழைத்தண்டு கனம்.

“எம் மவன் துபாய்லருந்து வந்தப்ப வாங்குனான்” என்றார் மம்மது. “ரெண்டு நாளு மிதிச்சான். மூச்சு வாங்குது வாப்பான்னு போட்டுட்டுப் போயிட்டான். நீரு மிதிப்பீராவே?”

“மிதிக்கப் போறதில்ல பாய். மோட்டார் வைக்கப் போறேன்.”

“அல்லாவே! எருமைக்கு ரெக்க கெட்டப் போறீராக்கும்?”

பின்சக்கரத்தின் நடுக்குடத்திலேயே மோட்டார் இருக்கும் வகையை ஆர்டர் செய்து வரவழைத்தான். கம்பிகளைக் கோத்துச் சக்கரத்தை நேராக்குவதற்குள் விரல்களெல்லாம் காயம். குறுக்குக் கம்பியில் பேட்டரி. மோட்டாருக்கு வேகம் சொல்லும் கன்ட்ரோலர் சீட்டுக்கு அடியில். முதல் தடவை கைப்பிடியை முறுக்கியபோது சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. அதைப் பார்க்க, பக்கத்து வீட்டிலிருந்து கனகலட்சுமியின் அண்ணன் செல்லச்சாமி சரியாக வந்து சேர்ந்தார்.

“மாப்ள, நேத்தைக்குப் போறதுக்கா இந்த வண்டி?”

“வயர் மாறியிருக்கு மச்சான். மாத்துனாச் சரியாப் போவும்.”

“கோழிக்குஞ்சுக்கும் இதத்தான வே சொன்னீரு.”

வயரை மாற்றினான். சரியாகப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்து ஓடையில் இறக்கி ஓட்டினான். வீடியோவில் சொன்னபடி டயரில் காற்றைக் குறைவாகவே வைத்திருந்தான். மணலில் பாய் விரித்ததுபோல அகலமாகத் தடம் பதித்து வண்டி அக்கரை ஏறியது. அவன் வாழ்க்கையில் அவன் நினைத்தபடியே நடந்த முதல் காரியம் அது என்று தோன்றுகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டிக்குப் பூசை. சந்தனம், குங்குமம், கனகலட்சுமி கட்டிய மல்லிகைச் சரம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை உருட்டினார்கள். பழம் நசுங்கவில்லை. மெத்தென்ற டயர் அதைத் தன் வயிற்றுக்குள் வாங்கி, மறுபக்கம் முழுசாக விட்டது. மறுபடி உருட்டினார்கள். பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“ஆனைக் காலு. ஆனா பழத்த நசுக்கத் தெரியல” என்றார் செல்லச்சாமி.

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. “பழம் நசுங்காத வண்டில நான் ஏற மாட்டேங்க.”

எலுமிச்சம்பழத்தோடு வாதிட முடியாது, மனைவியோடும் முடியாது. பேச்சிராஜா பம்பை எடுத்து வந்து, தட்டினால் பானைபோலச் சத்தம் வரும்வரை காற்றடித்தான். இந்தத் தடவை பழம் பட்டென்று வெடித்து, விதை செல்லச்சாமியின் வேட்டியில் தெறித்தது. எல்லோருக்கும் திருப்தி. அந்தத் திருப்தியில், செய்தவனுக்கே தான் என்ன செய்தோம் என்பது மறந்துபோனது.

அன்றிரவு தறிக்கு லீவு போட்டு, மறுநாள் காலையில் அவனும் அவளோடு அரும்பு பறித்தான். சாக்கைப் பின்னால் கட்டினார்கள். பள்ளிக்கூட நாளில் சைக்கிள் விட்டவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சரிவில் இறங்கிய வண்டி ஓடை நடுவில் உறுமியது, திணறியது, புதைந்தது. எதிர்க்கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த செல்லச்சாமி நுரையைத் துப்பினார்.

“ஏட்டி கனகு, பூ விரியப் போவுது. சாக்கத் தூக்கித் தலைல வையி.”

அவள் இறங்கிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். சாக்கு தலைக்குப் போனால் செடி மண்ணிலிருந்து வந்துவிடும் என்று பேச்சிராஜாவுக்குத் தெரியும். ஓடிப்போய் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடத்தைப் பார்த்தான். கத்தியால் கீறியதுபோல ஒடுங்கி, ஆழமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இப்படி இல்லையே.

“கனகு, கொண்டை ஊசி குடு.”

“இப்ப எதுக்கு?”

“குடுட்டி!”

வால்வில் ஊசியை வைத்து அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

“காத்தப் பூராவும் எறக்குதீங்களே! நேத்துத்தான அடிச்சீங்க?”

“நேத்து சாமிக்கு அடிச்சது. மணலுக்கு இவ்வளவு போதும்.”

டயர் தளர்ந்து மணலில் அகலமாகப் படிந்தது. கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. வண்டி புதையவில்லை. செல்லச்சாமி பிரஷ்ஷோடு வழிவிட்டு ஒதுங்க, கனகலட்சுமி கரையேறி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விழுந்திருப்பாள்.

வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு போன் வந்தது.

“பூ போட்டாச்சுங்க. ஒண்ணுகூட வாய் தொறக்கல.”

“முழங்கால் எப்படி இருக்கு?”

“அது கெடக்கு. நான் இப்பம் வீட்டுக்கு வரல. மார்க்கெட்டுல பூ கட்டுற நம்ம சுமதி பிச்சிப்பூ பதியம் போட்டு வச்சிருக்கா, வாங்கிட்டு வாரேன். கெழக்க தரிசாத்தான கெடக்கு? சோத்துக்கு ஒலைய வச்சுக் கொதிக்க விடுங்க. அப்படியே குழியும் வெட்டி வைங்க.”

போனை வைத்துவிட்டாள்.

“என்னவாம் மாப்ள?” என்றார் செல்லச்சாமி.

“குழி வெட்டணுமாம்.”

“எத்தன?”

“சொல்லல மச்சான்.”

செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.