விசாரணைக்குழுவில் மிளகாய்

பணிமனையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவு பயம். அவள் பஸ் ஓட்ட வந்த முதல் நாளே, "ஸ்டியரிங் எட்டுமா, தலையணை வேணுமா?" என்று கேட்டவன் இன்னொரு டிரைவர், பட்டப்பெயர் நக்கல். அன்றிலிருந்து இருவருக்கும் ஆகாது.

ஒரு விபத்துக்காக அந்த நக்கலை விசாரிக்க, மூன்று டிரைவர்கள் கொண்ட குழுவுக்குச் சீட்டு குலுக்கியபோது அவள் பெயர் வந்து தொலைத்தது.

"எனக்கும் அவனுக்கும் ஆகாது சார், வேற ஆளைப் போடுங்க" என்றாள் மேலாளரிடம்.

"அவனோட யாருக்கும்மா ஆகும்? உக்காருங்க."

நடந்தது இதுதான். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. நிறுத்தத்தில் வண்டியைக் கிளப்பக் கண்டக்டர் முதல் மணியை அடித்துவிட்டார். படியில் ஒரு முதியவர் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு இரண்டாவதை அடிக்காமல் கையை எடுத்தார். அவசரத்தில் இருந்த எவனோ ஒரு பயணி பின்னாலிருந்து கயிற்றை ஒரு இழு இழுத்தான். நக்கலின் காதில் விழுந்தது இரண்டு மணி. கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். முதியவருக்குக் கால் முறிந்தது.

குழுவில் இன்னொருவன் சிரிச்சமுகம். எப்போதும் பல் தெரியும். "வேலைய விட்டே தூக்கிடுவோம். உனக்கும் நிம்மதி" என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் நிம்மதிக்கா இங்க உக்காந்திருக்கோம்? கண்ணாடியப் பாக்காதது தப்பு, தண்டனை குடு. அவன் வாய்க்கும் சேத்துக் குடுக்காத. அந்த ரெண்டு மணியக் கேட்டா நீயும் எடுத்திருப்ப, நானும் எடுத்திருப்பேன்."

மூன்றாமவர் ஓய்வுபெறும் வயதுக்காரர், பெரியவர் என்பார்கள். அவர் அவள் பக்கம் சாய்ந்தார். சம்பளமில்லாமல் ஆறு மாத இடைநீக்கம் என்று முடிந்தது. உள்ளே பேசியது வெளியே போகாது என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சிரிச்சமுகத்துக்கு வயிற்றில் வார்த்தை தங்காது. தங்காவிட்டாலும் உள்ளதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், தலைகீழாக்கிச் சொன்னான். மறுநாள் கேன்டீனில் நக்கல் அவள் மேஜையை ஓங்கித் தட்டினான்.

"என் சோத்துல மண்ணைப் போடப் பாத்தியாமே? அவங்க ரெண்டு பேரும் கெஞ்சித்தான் என் வேலையக் காப்பாத்துனாங்களாம்!"

அவள் சிரிச்சமுகத்தைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் டீயை ஊதிக்கொண்டிருந்தான், எச்சில் பயல். ஒரு வார்த்தை போதும், அவன் மானம் கப்பலேறும். ஆனால் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாளே.

நேரே மேலாளரிடம் போனாள். "உள்ள பேசுனது வெளிய போயிருக்கு சார்."

"யார் சொன்னதுன்னு நிரூபிக்க முடியுமா?"

முடியாது. நிரூபிக்க வேண்டுமானால் உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று அவளும் ஊர் முன்னால் பேச வேண்டும்.

குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டு மறுபடி விசாரிக்கச் சொல்லி நக்கல் அப்பீல் போடப் போவதாகக் கேள்விப்பட்டதும் எழுந்து ஓடினாள்; அவள் இல்லாத குழுவில் சிரிச்சமுகம் நினைத்ததுதான் நடக்கும். வாசலில் அவனை மறித்தாள்.

"அப்பீல் போடாதடா. சொன்னாக் கேளு."

"பயமா இருக்கோ?"

"எனக்கென்னடா பயம்? ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"மிரட்டுறியா?" என்று சொல்லிவிட்டுப் போனான். போட்டான். கேட்டதும் கிடைத்தது. அவளுக்குப் பதிலாகச் சிரிச்சமுகத்தின் கூட்டாளி ஒருவன் உட்கார்ந்தான். ஒரே வாரத்தில் நக்கலுக்கு வேலை போயிற்று.

"முன்னாடியே அவன்கிட்ட ஒரு வார்த்தை உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் அவள் கணவர்.

"சொன்னா எனக்கும் அந்தப் பல்லிளிப்பானுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கத்தினாள். கத்தியும் ஆறவில்லை.

கணக்கு முடிக்க வந்த நக்கல், கேன்டீனில் எல்லோரும் பார்க்க அவள் முன்னால் வந்து நின்றான்.

"இப்ப திருப்திதானே?"

"இல்லடா பாவி! இல்ல!"

அவள் கை பட்டு டம்ளர் உருண்டு டீ மேஜையெல்லாம் ஓடியது. வேலையே போன பிறகும் இவளுக்கு வெறி அடங்கவில்லை பார் என்று பக்கத்து மேஜையில் பேசிக்கொண்டார்கள். சிரிச்சமுகம் எழுந்து வந்து நக்கலின் தோளில் கை போட்டு, ஆறுதல் சொல்லி வெளியே அழைத்துப் போனான்.