கலருக்குக் கலர்

ஒரகடத்தில் வயர் ஹார்னஸ் கம்பெனி ஒன்று இருக்கிறது. காரின் உடம்புக்குள் நரம்பு மாதிரி ஓடும் வயர்க் கட்டுகளைப் பலகையில் போட்டுப் பின்னி, டேப் சுற்றி அனுப்புவது அங்கே வேலை. அதில் மூன்றாவது லைனுக்கு சூசைராஜ்தான் லைன் லீடர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவர் விட்டதாகச் சொல்லிக்கொள்வார். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு முதல் நாள் அவர் சொல்வது ஒன்றேதான்.

“கலருக்குக் கலர். மூளைய ரூம்லயே வச்சுட்டு வா. கண்ணு இருந்தா போதும்.”

அவரும் அப்படித்தான் இருந்தார். மூளையை எங்கோ வைத்துவிட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. வேலைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. கேடு வந்தது சொந்தக் காரில்தான்.

அந்தக் கார் ஒரு பல் டாக்டரிடமிருந்து கைமாறி வந்த பழைய வெள்ளை வண்டி. வாங்கிய நாளிலிருந்து அவருடைய மனைவி சகாயமேரி அதில் உட்கார்ந்த நேரத்தைவிட அதைத் தள்ளிய நேரம் அதிகம். வல்லம் கூட்டு ரோட்டில் தள்ளினாள். படப்பை மார்க்கெட் வாசலில் தள்ளினாள். கடைசியாக, சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்கு முன்னால், ஈஸ்டருக்கு எடுத்த புடவையோடு, ஷேர் ஆட்டோ ஜனமெல்லாம் எட்டிப் பார்க்கத் தள்ளினாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“இன்னும் ஒரு வாட்டி இந்தக் கார நான் தள்ளினேன்னு வையி, அப்படியே தள்ளிக்கினு போயி கோதண்டம் வூட்டு வாசல்ல வுட்டுட்டு வந்துடுவேன். ஆமா.”

கோதண்டம் அதே தெருவில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். சூசைராஜைப் பார்க்கும்போதெல்லாம் வண்டி எப்படி இருக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆளைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்பார். மேரி சொன்னால் செய்கிறவள். சூசைராஜ் பயந்துபோய் செல்ஃப் மோட்டாரை மாற்றினார். வண்டி ஒழுங்காகக் கிளம்ப ஆரம்பித்தது. மனுஷன் அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

காரில் ஒரு பழைய கேசட் பிளேயர் இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் போட்ட கேசட் அதற்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டது. அக்னி நட்சத்திர வெயிலில், வியர்வை வழிய, பாலன் பிறந்தார் என்று கேட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார். அதையும் சகித்திருப்பார். ஆனால் மேரியின் தம்பி வில்சன் புதுக் கார் வாங்கினான். அதில் நடுவில் கையகலத்துக்கு டச் ஸ்கிரீன். விரலால் தொட்டால் பாட்டு வருகிறது, தள்ளினால் அடுத்த பாட்டு. அந்த வில்சன் குன்றத்தூரில் வீடு கட்டி முடித்து, ஞாயிற்றுக்கிழமை ஃபாதரை வைத்து வீடு மந்திரிப்பு என்று அழைத்திருந்தான். கேசட் பாடும் காரில் அந்த வாசலில் போய் இறங்குவதா என்று சூசைராஜுக்குப் பட்டுவிட்டது.

மெட்ராஸில் கார் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் டச் ஸ்கிரீன் வைத்த ஒரு சைனா செட் வாங்கினார். கடைக்காரர், எந்த வண்டி, மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். சூசைராஜ் சிரித்துக்கொண்டே, வயரிங்தான் தன் தொழில் என்றார். கடைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது விளங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தார். புது செட் பழையதைவிட இரண்டு மடங்கு உயரம். டேஷ்போர்டை ஆக்ஸா பிளேடால் அறுத்தார். சாம்பல் தட்டு போனது. ஏசி காற்று வரும் வாயில் பாதி போனது. மகள் ஜூலி வந்து பார்த்துவிட்டு, பல் டாக்டர் வண்டி என்பதால் பல்லைப் பிடுங்குகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு வயர். செட்டிலிருந்து வந்ததில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. காருக்குள்ளிருந்து வந்த கட்டிலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இருந்தன. கூட ஒரு வெள்ளையும் இருந்தது. சிவப்பைச் சிவப்போடும், மஞ்சளை மஞ்சளோடும், கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி டேப் சுற்றினார். அந்தச் சுற்று அத்தனை அழகு. கம்பெனியில் கண்காட்சிக்கு வைக்கலாம். வெள்ளை மிச்சமாக நின்றது. வேண்டாத வயர் என்று மடித்துக் கட்டிவிட்டார்.

வேறு வேறு நாட்டில் செய்தவன் வேறு வேறு கலர் போட்டிருப்பான் என்பது யாருக்கும் தோன்றும். சூசைராஜுக்குத் தோன்றாது. இத்தனை வருஷம் பார்த்த பலகையில் சிவப்பு என்றால் சிவப்புத்தான்.

சாவியைத் திருப்பினார். செட் வாயைத் திறக்கவில்லை. தட்டினார், ஜெபித்தார், கடைக்காரரைத் திட்டினார். இருட்ட ஆரம்பித்ததும் வெளிச்சத்துக்காகப் பார்க்கிங் லைட்டைப் போட்டார். ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. அணைத்தார், செட்டும் அணைந்தது. போட்டார், எரிந்தது. சாவியை எடுத்தாலும் ஸ்கிரீன் செத்தது. திரும்பப் போட்டால் எல்லாம் மறந்து, எழுத்தெல்லாம் சீன பாஷையில் வந்து நின்றது.

மேரி வந்து பார்த்தாள். புது செட் அப்படித்தான், லைட் போட்டால்தான் பாடும் என்று அவளுக்கு விளக்கினார்.

“பகல்ல கூடவா?”

“பகல்ல கூட. அது ஒரு சேஃப்டி.”

தப்பு காரில் இருக்கலாம், சீனாவில் இருக்கலாம், பல் டாக்டர் மேல்கூட இருக்கலாம். கலரில் இருக்க முடியாது. அந்த நம்பிக்கையோடு தூங்கப் போனார்.

ஞாயிறு காலை பளீரென்ற வெயிலில் லைட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். செட் ஜோராகப் பாடியது. சோமங்கலம் தாண்டும்வரை எதிரில் பைக்கில் வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் கையை மூடி மூடித் திறந்து காட்டினார்கள். லைட் எரிகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்கிற முறை அது. சூசைராஜ் எல்லோருக்கும் கையாட்டினார்.

“இன்னா, இத்தினி பேரு தெரிஞ்சவங்களா உனக்கு?” என்றாள் மேரி.

கம்பெனி பெரிசு என்றார் சூசைராஜ்.

வில்சன் வீட்டில் ஃபாதர் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்தார். சூசைராஜ் ஒவ்வொரு ஆளாக வெளியே கூட்டிவந்து ஸ்கிரீனைக் காட்டினார். சமையல்காரரைக்கூட விடவில்லை. வில்சனும் வந்து ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்து, “மாமா, எல்லாம் சீனாவுல கீதே, எப்படி படிக்கிற?” என்றான். பழகிவிடும் என்று சொல்லி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பிரியாணிக்குப் போனார். ஸ்கிரீன் அணைந்தது. ஸ்கிரீன் அணைந்தால் எல்லாம் அணைந்தது என்று அவர் கணக்கு. சாவியை எடுத்த பிறகும் பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருந்தது, கொளுத்துகிற வெயிலில், அவர் கண்ணில் படவில்லை.

சாப்பிட்டு, படுத்து எழுந்து, டீயும் குடித்தாயிற்று. விருந்தாளிகள் போய்விட்டார்கள். வில்சன் ஃபாதரை ஏற்றிக்கொண்டு தன் காரில் கிளம்பிவிட்டான். சூசைராஜ் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். டிக் என்று சொல்லவும் அதற்குத் தெம்பில்லை.

மேரி பிரியாணித் தூக்கோடு வாசலில் நின்றாள். சூசைராஜுக்குக் கண்ணெதிரே கோதண்டம் வீட்டு வாசல் தெரிந்தது.

பக்கத்து மனையில் வீடு கட்டும் இடத்துக்கு வாட்ச்மேன் கொம்பையா, திருநெல்வேலிக்காரர். துண்டை உதறிக்கொண்டு மெதுவாக வந்தார்.

“அண்ணாச்சி, லைட்டு மத்தியானத்துல இருந்து எரிஞ்சிக்கிட்டே கெடந்துச்சுல்லா. நான் அங்கன இருந்து கையக் காட்டுனேன். நீங்களும் சிரிச்சிக்கிட்டுக் கையக் காட்டுனீய. சரி, வேணும்னுதான் போட்டிருக்காவன்னு விட்டுட்டேன்.”

ஜூலி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சூசைராஜ் லைட்டை அணைத்தார். சிவப்பு லைட்டோடும் மஞ்சள் சாவியோடும் போயிருக்கிறது, மடித்துக் கட்டிய வெள்ளைதான் நேராக பேட்டரியிலிருந்து வந்த வயர் என்று அந்த நிமிஷம் புத்தியில் பட்டது. லைனில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் என்னென்ன பேசியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தார். அத்தனையும் தனக்கே பொருந்தியது. சிலது தனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது.

தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தெருவோ செம்மண். கொம்பையாவும் ஜூலியும் தள்ளினால் அசையாது, இன்னொரு ஆள் வேண்டும். சூசைராஜ் மேரியைப் பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார்.

“நான் தள்ள மாட்டேன்,” என்றாள் மேரி.

“உன்ன யாரு தள்ளச் சொன்னது?”

“வாயில சொல்லல. மூஞ்சி சொல்லுது.” தூக்கை ஜன்னல் வழியாகப் பின் சீட்டில் வைத்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகினாள். டிரைவர் பக்கம் வந்து நின்றாள். “எறங்கு. நீ தள்ளு.”

“உனக்கு ஓட்டத் தெரியாதே.”

“சாவியத் திருப்பி, ரெண்டாவது கியர் போட்டு, கிளச்ச அமுக்கிக்கினு, வேகம் வந்ததும் வுடணும். எத்தினி வாட்டி நீ பண்றதப் பாத்துக்கினே தள்ளியிருக்கேன்? இது கூடவா தெரியாது?”

இறங்கினார். கொம்பையா ஒரு பக்கம், ஜூலி ஒரு பக்கம், நடுவில் இவர். பிரியாணி வயிற்றோடு தள்ளினார். பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தக் கார் எவ்வளவு கனம் என்பது தெரிந்தது. வாயில் நுரை தள்ளுகிற நேரத்துக்கு மேரி கிளச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, உறுமி, புகையை அவர் முகத்தில் ஊதிவிட்டு ஓடியது.

ஓடியது, நிற்கவில்லை. எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. தள்ளும்போது பின்னாலிருந்து பார்த்துப் படிக்கிற பாடம் அல்ல அது. சூசைராஜ் செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, கூடவே ஓடினார். கார் மனைப் பிரிவின் கடைசிவரை போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஆடுகளை விலக்கி, மறு தெரு வழியாகத் திரும்பி வந்தது. மேரி நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

“கிளச்சையும் பிரேக்கையும் சேத்து அமுக்கு,” என்று கத்தினார்.

அமுக்கினாள். கார் அவர் காலடியில் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“நான் தள்ளல,” என்றாள் மேரி. “அதனால கோதண்டத்துக்குக் குடுக்க வேணாம். ஆனா நாளையிலேர்ந்து நான் டிரைவிங் ஸ்கூல் போறேன். இனிமே தள்ற வேல உன்னுது.”

சரி என்றார்.

“மெயின் ரோடு வரிக்கும் நானே ஓட்றேன். அந்தாண்ட ஏறு.”

சூசைராஜ் சுற்றிப் போய், தன் காரில் முதல் முறையாக இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கப் பார்த்தார். கைப்பிடி சும்மா சுற்றியது.

“அது எறங்காது,” என்றாள் மேரி, ரோட்டைப் பார்த்தபடி. “நீ வாங்கன நாள்லேர்ந்தே அப்படித்தான்.”