வைகுண்டராஜன் தட்டாத கதவு

கன்னியாகுமரியில் சூரியன் தானாக உதிக்கிறது என்றுதான் ஊர் உலகமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ரசலையன் லாட்ஜ் மேனேஜர் வைகுண்டராஜனிடம் கேட்டால் கதை வேறு மாதிரி வரும். சூரியன் உதித்தால் மட்டும் போதுமா, பார்க்க ஆள் வேண்டாமா, அந்த ஆளை எழுப்புகிறது யார் என்று கேட்பார். மேகம் மூடிய நாட்களில் மொட்டை மாடியிலிருந்து முகம் தொங்கி இறங்குகிற வடநாட்டுக்காரர்களிடம், குழாயில் வெந்நீர் வராததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி, "ஸாரி சார், டுமாரோ ஷ்யூர்" என்பார். நாளைக்கு மேகம் இருக்காதென்று இவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது.

இந்தி, வங்காளம், மராத்தி, குஜராத்தி என்று எட்டு பாஷைகளில் 'எழும்புங்க' என்று சொல்ல அவருக்குத் தெரியும். எட்டிலும் அதற்குமேல் ஒரு வார்த்தை தெரியாது.

அவருடைய வேலைமுறை சுலபமானது. ரூம் எடுக்க வருகிறவரிடம் உதயம் பார்க்க வேண்டுமா என்று கேட்பார். வேண்டுமென்றால் போய் அந்த ரூம் கதவில் சாக்கட்டியால் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். விடியுமுன் மாடி மாடியாக ஏறி, வட்டம் கண்ட கதவில் மூன்று தட்டு. தட்டின தட்டில் எழும்பாதவர் இல்லை, அவர் கையில் ஒப்படைத்த உதயத்தைத் தவறவிட்டவரும் இல்லை. வேறு பட்டமோ பதவியோ இல்லாத மனுஷனுக்கு அந்தப் பெயர்தான் எல்லாமும்.

இதனால் ராத்திரிப் படுக்கை லாட்ஜில்தான். மத்தியானம் பஸ் ஏறி கொட்டாரத்துக்கு வீட்டுக்குப் போவார், சாப்பிட்டுத் தூங்கி, பொழுது சாயும்போது திரும்புவார். இந்தியாவையே எழுப்புகிற மனுஷன், கட்டின பெண்டாட்டி அன்னக்கிளியை ஒரு நாளும் எழுப்பியதில்லை. அவளும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற உதயத்தைக் கண்டதில்லை. காசியிலிருந்து வருகிறவனுக்குக் கிடைப்பது கொட்டாரத்துக்காரிக்குக் கிடைக்கவில்லை. விடியற்காலை என்றால் அவளுக்குப் பசுவின் மடிதான், பிறகு மகளின் பள்ளிக்கூடச் சோறு.

மகளைக் கட்டிக் கொடுத்து, பசுவையும் விற்ற பிறகு ஒரு மத்தியானம் அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "இஞ்ச பாருங்க. ஊர்ப்பட்டவனையெல்லாம் கதவத் தட்டி எழுப்புதீங்க. என்னையும் ஒரு நாள் எழுப்பிக் காட்டினா என்னவாம்?"

"அதுக்கென்னட்டி, கூட்டம் கொறையட்டும். நல்ல ரூமா ஒண்ணு போட்டுத் தாறேன்" என்றார் வைகுண்டராஜன். அவள் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கூட்டம் குறைந்தது. ஆனால் அந்த இரண்டாயிரத்துப் பதினாலில் முதலாளி ரசலையனுக்கு லாட்ஜுக்குப் பெயின்ட் அடிக்கிற எண்ணமும் வந்தது. கதவெல்லாம் பளபளவென்று காப்பிக் கலரில் நின்றன. ரசலையன் வைகுண்டராஜனைக் கூப்பிட்டார்.

"மேனேஜரே, இனி இந்தக் கதவுல ஒரு பொட்டு சாக்கட்டி பட்டா நான் மனுசனா இருக்கமாட்டேன், பாத்துக்கிடும். மச்சினன் சார்ஜாவுல இருந்து கொண்டுவந்த டேப்பு ஒண்ணு இருக்கு, செல்போனு மாதிரி, சிலேட்டு அளவுல. ரெஜிஸ்டர், ஐடி கார்டு காப்பி, உம்ம உதயம், எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டுக்கிடும். அதுக்குத் தோதா ஆப்பு கிடைக்குமாம்."

"எந்த ஆப்பு மொதலாளி?"

"அத நீரு பாத்து எடும். நல்லதா எடும்."

இப்படிப் பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டு ரசலையன் போய்விட்டார். பார்த்து எடுக்க வைகுண்டராஜனுக்கு என்ன தெரியும்? தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் அவருக்குக் கூச்சமே கிடையாது. லாட்ஜுக்கு வருகிறவர்களையே விசாரிக்கத் தொடங்கினார். சாவியை நீட்டும்போதே கையோடு டேப்பையும் நீட்டுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அன்னக்கிளி பிற்பாடு சொல்லிக் காட்டியதுண்டு.

அகமதாபாத் துணி வியாபாரி ஒருவர் முதலில் ஒரு ஆபீஸ் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். கடிதம் எழுதலாம், கட்டம் போடலாம், படம் காட்டலாம், எல்லாம் உண்டு. ஆனால் 'கொட்டாரம்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி விழுந்தது. சொந்த ஊரை இப்படிக் கொலை செய்கிற ஆப் நமக்கு ஆகாது என்று அதைத் தள்ளினார்.

கல்கத்தாக் கல்லூரி வாத்தியார் போட்டுக் கொடுத்தது கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. தமிழும் முறிவில்லாமல் வந்தது. ஆனால் நெட் இல்லாமல் அது வாயைத் திறக்காது. லாட்ஜில் நெட் கிடைக்கிற ஒரே இடம் மாடிப்படியின் வளைவு. இரண்டு நாள் வைகுண்டராஜன் அங்கே நின்றுதான் வந்தவர்களுக்கு ரூம் கொடுத்தார். பெட்டியும் பிள்ளையுமாக ஒரு குடும்பம் ஒவ்வொரு படியிலும் ஒருவராக நின்று பெயர் சொன்னதைப் பார்த்த ரசலையன், "என்னவே இது, ரேஷன் கடையா?" என்று கேட்ட பிறகு அதுவும் போயிற்று.

மூன்றாவது ஆப்பை வைத்தது நாக்பூர் ரயில்வேக்காரர். நெட்டே வேண்டாம், எழுத்தும் சுத்தம். ஆனால் நெட் இருக்கிற இடத்துப் பக்கம் போனால் போதும், ஒரு பெண் படம் வந்து 'வரன் தேடுகிறீர்களா?' என்று கேட்டது. ரூம் எடுக்க வந்த ஒரு மாமி எட்டிப் பார்த்து, மேனேஜரைத் தலையோடு கால் அளந்துவிட்டுப் போனாள். வைகுண்டராஜன் அன்றைக்கே அதை அழித்தார்.

ஐடி கார்டு படங்களை அடுக்கி வைக்கிற ஃபைல் ஆப் கதை இன்னும் மோசம். அதில் ஃபோல்டர்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இதுவும் ஒரு லாட்ஜ்தானே. ரூமுக்கு ஒரு ஃபோல்டர் போட்டார். பார்த்தால், பேரும் ஊரும் தெரியாத வேறு சில ஃபோல்டர்கள் ஏற்கெனவே உள்ளே குடியிருக்கின்றன. ஐடி கார்டு இல்லாதவனை ஒரு ராத்திரி தங்கவிடாத மேனேஜர் இதை எப்படிப் பொறுப்பார்? ஒவ்வொன்றாக ரூமைக் காலி பண்ண வைத்தார். காலி பண்ணி முடித்தபோது டேப் செத்துக் கிடந்தது. நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் உயிர் கொடுத்து வாங்கி வர வேண்டியிருந்தது. அப்புறம் இரண்டு பக்கமாகப் பிரித்துக் காட்டுகிற வேறொரு ஃபைல் ஆப்பை எடுத்தார். அதில் குடியிருப்பவர்களை அவர் தொந்தரவு செய்யவில்லை.

கடைசியில் ரெஜிஸ்டருக்கும் ஒன்று தேறியது. பச்சைக் கட்டம் போட்ட ஆப். நெட் கேட்கவில்லை, வரன் பேசவில்லை, கொட்டாரத்தைக் கொட்டாரமாகவே காட்டியது. ரூம், பேர், ஊர், உதயம் என்று நான்கு பத்தி போட்டார். இந்த ஆப்பில் அவர் சொக்கிப்போனது ஒரு சின்ன அம்புக்குறியில். வந்தவர்களை வந்த வரிசையில் எழுதி வைத்தால் ரூம்கள் முன்னும் பின்னுமாகக் கிடக்குமல்லவா? அம்புக்குறியை அமுக்கினால் கீழ்மாடியிலிருந்து மேல்மாடி வரை வரிசையாக வந்து நிற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் டேப்பைக் கொட்டாரத்துக்கே கொண்டுபோய் அன்னக்கிளியிடம் காட்டினார். "இஞ்ச பாருட்டி. ஒரு அமுக்கு அமுக்கினா ரூமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும். நான் வாறது என்னைக்குன்னு அதுல உண்டா?"

இல்லாமல் என்ன. அடுத்த வெள்ளிக்கிழமை என்று அவள் கண்முன்னாலேயே குறித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணியது. வைகுண்டராஜன் அதைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அன்னக்கிளி வந்து சேர்ந்தாள். ரசலையனே முன்நின்று, வீட்டம்மாவுக்கு ஒரு ரூம் திறந்துவிட்டு, ஒற்றை விரலால் டேப்பில் பதிந்தும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வைகுண்டராஜன் திரும்பி வரும்போது ராத்திரியாகிவிட்டது. டேப்பை எடுத்தார். ரூம் பத்தியைத் தொட்டு, அம்புக்குறியை ஒரு அமுக்கு அமுக்கினார். ரூம்கள் வரிசையாக வந்து நின்றன. நின்றது ரூம் நம்பர் மட்டும்தான். பேரும் ஊரும் உதயமும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ஒருவருடைய பேருக்கு இன்னொருவருடைய ரூம் என்று ஆகிவிட்ட விஷயம் அந்த நல்ல மனுஷன் கண்ணில் படவில்லை. அன்னக்கிளி பேருக்கு நேரே இரண்டாம் மாடிக் கோடி ரூம் இருந்தது. அங்கே போய்க் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். விளக்கு அணைந்திருந்தது. தூங்கட்டும், நாளைக்கு எழுப்பத்தானே வந்திருக்கிறாள் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்து படுத்தார்.

விடியுமுன் குளித்து, துவைத்த சட்டை போட்டு, பிளாஸ்கில் சாயா வாங்கிக்கொண்டு கிளம்பினார். பெண்டாட்டி ரூமைக் கடைசிக்கு வைத்திருந்தார். முதல் கதவைத் தட்டினதும் உள்ளேயிருந்து இந்தியில் ஒரு வசவு வந்தது. உதயம் கேட்டதை மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்த கதவிலும் வசவுதான், தெலுங்கில். மற்றக் கதவுகளிலும் கிடைத்தது அதேதான். காலம் கெட்டுப்போச்சு என்று தலையை ஆட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக் கோடிக்கு வந்தார். தலையை ஒரு தடவை கோதிவிட்டுக்கொண்டார். மூன்று தட்டு. பிறகு, எட்டு பாஷையிலும் இதுவரை வராத ஒரு குரலில் கூப்பிட்டார்.

"அன்னம்... அன்னம்மோ... எழும்பு பிள்ள. உதயம் பாக்கண்டாமா?"

கதவைத் திறந்தது மீசை வைத்த ஒரு ஆள். சேலத்திலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆகி வந்தவர். "யாருய்யா அன்னம்?" என்று கேட்டார். உள்ளே இருந்த புதுப்பெண்ணும் அதே கேள்வியைப் புருஷனிடம் கேட்டாள், கொஞ்சம் வேறு தினுசாக.

வைகுண்டராஜன் ஒரு எட்டு பின்வாங்கினார். டேப்பைப் பார்த்தார். ரூம்கள் எல்லாம் ஒழுங்காக நின்றன. ஆளில்தான் கோளாறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அன்னக்கிளியின் செல்போனுக்கு அடித்துப் பார்த்தார். அது கொட்டாரத்தில் அரிசிப் பானை மேல் இருந்து அடித்துக்கொண்டிருந்தது. கிழக்கே வெளுப்பு விழுந்தாயிற்று. வட்டம் இல்லாத, ஒரே மாதிரி பளபளக்கிற கதவுகள். எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு ஓடினார். வேண்டியவர்கள் பாதி உடுப்போடு மாடிக்கு ஓடினார்கள், வேண்டாதவர்கள் நடையில் நின்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி வைத்து, தன்னை எதற்காக எழுப்பினார் என்று விளக்கம் கேட்டார். அவரிடமிருந்து விடுபட்டு மூன்றாம் மாடியின் கடைசி ரூமுக்கு வந்தபோது மொட்டை மாடியில் எல்லோரும் ஹோவென்று கூவுகிற சத்தம் கேட்டது. சூரியன் வந்தாயிற்று.

கதவைத் தட்டினார். தாழ் போட்டிருக்கவில்லை, தானே திறந்தது. அன்னக்கிளி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போட்ட சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, மடியில் மடித்து வைத்த துவாலை.

"நீ முழிச்சா இருந்தே?"

"எப்பமோ முழிச்சாச்சு. பால் கறந்த சீலம் போவுமா?"

"பின்ன மாடிக்குப் போயிருக்கலாம்லாட்டி? எல்லாரும் அங்கதான நிக்கானுவ."

"போயிருக்கலாம். கீழ ஒவ்வொரு கதவா தட்டுற சத்தம் கேட்டுது. மேல வருவீங்கன்னு இருந்தேன்." துவாலையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "உதயத்த எப்பம் வேணும்னாலும் பாத்துக்கிடலாம். நீங்க வந்து தட்டணும்னுதான் வந்தேனாக்கும்."

வைகுண்டராஜன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் சாயா ஊற்றினார். அவளிடம் நீட்டினார்.

"கீழ யாரையோ அன்னம்னு விளிச்சதும் கேட்டுது" என்றாள். "அவ எழும்பினாளா?"

காலையில் சேலத்துக்காரர் புகார் சொல்ல, ரசலையன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "எந்த ஆப்பவே எடுத்தீரு?" என்று கத்தினார். வைகுண்டராஜன் டேப்பை அவர் கையில் வைத்தார்.

"மொதலாளி, நாளைக்கு எனக்கு லீவு. காலைல நீங்கதான் தட்டணும்."

லீவு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதை ரசலையன் கேட்பது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியில் சரி என்று சொல்லிவிட்டார். மறுநாள் அந்த லாட்ஜில் யார் யாரை எழுப்பினார்கள் என்பது தனிக் கதை.

அன்று ராத்திரி வைகுண்டராஜன் கொட்டாரத்தில் படுத்தார். அன்னக்கிளி தூங்கினாள் என்று நிச்சயமான பிறகு, எழுந்து போய் வீட்டு வாசல் கதவின் வெளிப்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். விடியுமுன் சத்தமில்லாமல் குளித்து, சட்டை மாட்டி, வெளியே போய்க் கதவைச் சாத்தினார். முதல் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டினார். மூன்று தட்டு.

"உதயம்... உதயம்..."

 உள்ளே வளையல் ஓசை கேட்டது. பிறகு குரல் வந்தது.

"ரூம் நம்பர் சரிதானா? டேப்புல ஒருக்கா பாத்துக்கிடுங்க."

"சரிதாண்டி. எழும்பு, பஸ்ஸு போயிரும்."

"போவட்டும், அடுத்த பஸ் வரும்" என்றாள் அன்னக்கிளி, படுத்த இடத்திலிருந்தே. "இன்னொருக்கா தட்டுங்க."

வைகுண்டராஜன் தட்டினார்.