கேட்டதும் கிடைத்த பங்கு

ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த மாலை பஸ் மலைப்பாதையில் என்னைத் தாண்டிப் போனது. கை காட்டவில்லை. நடந்தே போவது எனக்குப் பழக்கம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து ஊர் ஊராக அதைத்தான் செய்கிறேன். பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். விட்டு வந்தது ஒரு டீக்கடை. அங்கே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

கடை நடத்திய அக்காவுக்கு ஒரே ஆசை, சாமையின் உமியை நீக்கும் மெஷின். மலையில் விளையும் சாமை உமியோடுதான் கீழே போகிறது. அரிசியாக்கி விற்றால் விலையே வேறு. அதற்காகப் புளி விற்ற பணத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தபோது எங்கள் அறையில் எல்லோரும் புதுப் பங்குக்கு விண்ணப்பம் போடுவார்கள். ஒரு கம்பெனி முதன்முதலாகப் பங்கு விற்கும்போது செல்போனிலேயே கேட்கலாம். பணம் நம் கணக்கிலேயே முடங்கி நிற்கும். கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல். விழாவிட்டால் பணம் விடுபடும். அக்காவிடம் இதைச் சொன்னேன். அந்தப் புளிப் பணத்தில் அவர், அவர் வீட்டுக்காரர், நான் என மூன்று பேர் பெயரிலும் போட்டோம். யாருக்கும் விழவில்லை. அந்தப் பங்கு சந்தைக்கு வந்த அன்றே எகிறியது. அடுத்த தடவையும் அதே கதை.

“இதுல இன்னா நஷ்டம் தம்பி? வந்தா லாபம், வர்லன்னா நம்ம காசு நம்மகிட்ட,” என்றார் அக்கா.

மூன்றாவது தடவை மூன்று பேருக்கும் விழுந்தது. அக்கா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தார்.

“சாமிக்கு இப்பதான் நம்ம வூட்டு விலாசம் கெடச்சிருக்குது,” என்றார் வீட்டுக்காரர்.

போட்டி இல்லாததால் விழுந்தது என்பது எங்களுக்குத் தோன்றவேயில்லை. விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கிவிட்டிருந்தார்கள். திரட்டிய பணத்தில் பெரும்பகுதி கம்பெனிக்கே போகவில்லை. பழைய முதலாளிகள் தங்கள் பங்கை எங்கள் தலையில் கட்டிவிட்டு வெளியேறினார்கள். எல்லாம் கம்பெனி முன்பே வெளியிட்ட அறிக்கையில் இருந்தது, ஆங்கிலத்தில். நான் பார்த்தது அட்டைப் படத்தை.

சந்தைக்கு வந்த காலையிலேயே விலை இறங்கியது.

“வித்துடலாங்க்கா.”

“இரு தம்பி, ஏறும்.”

ஏறவில்லை. அக்காவின் நிலத்தில் விதைப்புக்குப் பணம் வேண்டியிருந்தபோது விற்றோம். பாதிகூட வரவில்லை.

அக்கா திட்டவில்லை. “எவனும் குத்தகைக்குக் கேக்காத புளியமரத்துல நாம ஏறுவமா? பூச்சி இருக்குதுன்னு வுட்டுட மாட்டோம்? இதுல மட்டும் கேசரி கிண்டிட்டு ஏறிட்டோம்,” என்றார். அதற்குப் பிறகு மெஷின் பேச்சே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும், “பங்கு மொதலாளி, ஒரு டீ போடுங்க,” என்று கூப்பிடத் தொடங்கினார். முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல். ஒரு சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டேன்.

புதுப் பங்கு விழவில்லையே என்று புலம்புகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். விழுந்தால்தான் யோசிக்க வேண்டும், மற்றவர்கள் ஏன் வேண்டாமென்றார்கள் என்று. போடும் முன்பே யோசித்திருந்தால் இன்னும் நல்லது. இதைச் சொல்லி யாருடைய பணமும் திரும்பப் போவதில்லை.

அமிர்திப் பக்கம் ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. கணியம்பாடியில் பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். காலையில் ஒரு சிறுதானிய மில்லில் ஆள் கேட்டார்கள்.

“இன்னா வேலை தெரியும்?” என்றார் மேஸ்திரி.

“சொல்றதச் செய்வேங்க.”

முதல் லாரி மலையிலிருந்து வந்திருந்தது. சாமை, உமியோடு. மூட்டைகளைத் தோளில் வாங்கி மெஷினருகே கொண்டுபோய் இறக்கினேன்.