ஊளை அடங்கிய ஜீப்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டி ஒரு பழைய ஜீப். விதைநெல்லும் உரமூட்டையும் ஏற்றத் திருவிடைமருதூரில் வாங்கினேன். நகர்ந்தாலே போதும், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கிரௌன் பல்சக்கரத்திலிருந்து ஊளை கிளம்பும். "போகப்போகப் பழகிடுங்க" என்றார் விற்றவர். எனக்குப் பழகியது. அம்மாவுக்குப் பழகவில்லை.

ஜீப்போடு வந்த அன்று அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால், கொல்லை வாய்க்காலுக்கு அந்தப்புறம் நாணல் புதரில் உட்கார்ந்திருந்தாள்.

"பண்ணை வண்டி வருதுய்யா" என்றாள்.

நான் பிறப்பதற்கு முன், எங்கள் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியபோது, பண்ணையாரின் ஜீப் அடியாட்களோடு எங்கள் தெருவுக்கு வருமாம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, பண்ணை மாறவில்லை. அந்த ஜீப்பும் இப்படித்தான் ஊளையிடும். சத்தம் கேட்டதும் பெண்கள் வாய்க்காலைத் தாண்டி ஓடுவார்களாம். இது வேறு வண்டி என்று தொண்டை வற்றச் சொல்லியும் அம்மா ஏற்கவில்லை. சொந்த நிலம் வந்த பிறகும் என்ன பயம் என்று எனக்கு எரிச்சல்.

கீழ்வேளூர் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். "பல்லு தேஞ்சிருக்குங்க. மாத்துறதுதான் சரி. இப்போதைக்கு ஆயில்ல இந்த மருந்தைக் கலந்து ஊத்துறேன், சத்தம் அமுங்கும்." தேன் பதத்தில் எதையோ கலந்து ஊற்றினார். ஊளை போயே போய்விட்டது. பெருமையோடு வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அம்மா வாசலில் முதுகு காட்டி நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ டிராக்டர் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பவில்லை. பக்கத்தில் போய் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தவள் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னயாச்சும் சத்தம் கேட்டா ஓடிடலாம். இப்புடி வந்து நின்னா எங்கடா ஓடுறது?"

அதன்பின் லாரி, டிராக்டர், எது வந்தாலும் எழுந்து நின்றாள். பாதிச் சோற்றில் எழுந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. மருந்தை வடித்துவிட்டு வெறும் ஆயில் ஊற்றச் சொன்னேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஊளையோடு தெருவுக்குள் நுழைந்தேன். அம்மா என்ன செய்வாளோ என்ற கவலையில் மெதுவாகத்தான் ஓட்டினேன். எங்கள் வீடு வர இன்னும் தூரம் இருந்தது. வாசல்களில் பேசிக்கொண்டிருந்த அம்மா வயதுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக எழுந்து கொல்லைப்பக்கம் போனார்கள். ஓட்டுவது யார் என்று ஒருத்தியும் பார்க்கவில்லை. அந்த ஸீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பு கூசியது. நடுத்தெருவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன்.