கரடி இல்லாத சின்னம்

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் சின்னம் வேண்டும் என்ற யோசனை மோர்னிங்சைட்டில் ஒரு கோப்பிக் கடையில் பிறந்தது. தலைவர் என் கூட்டாளி, நான் செயலாளர். அவன் ரொறன்ரோ நகரத்தின் சின்னத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினான். நடுவில் கேடயம். ஒரு பக்கம் ஆற்றில் அணை கட்டும் பீவர், மறுபக்கம் கரடி, இரண்டும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

"பீவர் உழைப்புக்காம், கரடி பலத்துக்காம். எங்களுக்கும் உப்பிடி ஒண்டு கீறடா."

பென்சிலை எடுத்துக் கீறினேன். கை சும்மா இருக்குமா? கரடிக்கு அவனுடைய தொப்பையையும் மீசையையும் வைத்தேன். பீவருக்குப் பதில் ஓர் ஆடு, அதற்கு என் கண்ணாடி. கூட்டத்தில் திரையில் போட்டதும் பொருளாளர் கத்தினார்: "உந்தக் கரடி எங்கடை தலைவரெல்லோ!"

மண்டபமே சிரித்தது, அவனைத் தவிர. "சபையிலை என்னைப் பகிடியாக்கிப் போட்டாய்" என்று எழுந்து போனான். பின்னால் ஓடி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம் வந்தால் வாய்தான் ஓடும். "கரடி குளிருக்குப் படுக்கப் போகுது, வசந்தத்திலை வந்திடும்" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு.

அவன் வரவில்லை. புதுச் சங்கம் தொடங்கினான். ஒரே ஊருக்கு இரண்டு சங்கம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஒன்றுகூடல். நாங்கள் வேறெப்படிக் கோபம் காட்டுவது? நானும் கரடியை அழித்து, அந்த இடத்தில் ஒரு பனையை நட்டேன். அவர்களுடைய சின்னத்தை ஆறு வருடமாகத் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்த வசந்தத்தில் அவன் மாரடைப்பில் போய்விட்டான். மூன்றாம் நாள், எங்கள் சங்கத்தின் மலர்வளையத்தோடு மரணச்சடங்கு மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். காரின் கண்ணாடியைப் பார்த்து 'ஆழ்ந்த அனுதாபங்கள்' சொல்லிப் பழகினேன். கடைசியில் துணிந்து இறங்கி, கார்த் திறப்பில் எந்தப் பொத்தானையோ அமத்த, அலாரம் ஊளையிடத் தொடங்கியது. வாசலில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். இரகசியமாக வந்துபோக நினைத்த ஆள் நான்.

அவன் மனைவி வெளியே வந்தா. "அண்ணை, ஏன் இஞ்சை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ."

பெட்டியின் தலைமாட்டில் அவர்களுடைய சங்கப் பதாகை. கேடயத்தின் ஒரு பக்கம் தொப்பையும் மீசையுமாகக் கரடி. மறுபக்கம் ஆடு. என் கண்ணாடியோடு.

"ஆட்டை எடுக்கச் சொல்லிக் கமிற்றியிலை எத்தினை தரம் கேட்டவை" என்றா அவ மெதுவாக. "தனியக் கரடி எப்பிடியடா கேடயத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும் எண்டு இவர் விடேல்லை."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

"மலர்வளையத்தை வைச்சிட்டு இருங்கோ அண்ணை."

அதன் நடுவில் எங்கள் சின்னம் ஒட்டியிருந்தது, கரடி நின்ற இடத்தில் பனையோடு. அந்தப் பக்கத்தை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். சேட்டெல்லாம் பூத்தண்ணீர். அவ இரண்டாம் முறை கேட்டபோதும் நான் வைக்கவில்லை.